எடைப் பயிற்சியும் கையில் இறங்கும் நரம்பு வலியும்

(பேராக், ஈப்போவில் மூத்த குடிமக்களுக்காக ஆற்றிய நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு வலியைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். புதிதாக எடை தூக்கிப் பயிற்சி செய்யத் தொடங்கியவர்களுக்குச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ கழுத்திலிருந்து, அல்லது தோளிலிருந்து, கை வழியாக இறங்கும் வலி அது. சிலர் "கரண்டு அடித்த மாதிரி இருக்கிறது" என்பார்கள். சிலர் "எறும்பு ஊர்கிறது", "விரல் மரத்துப் போகிறது", "தோளுக்குள் நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது" என்பார்கள்.

இந்த வலி வந்ததும் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "காண்டா கம்பு சுமந்த தோள் இது, இதெல்லாம் ஒரு வலியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வார்கள். அல்லது, "வயதான காலத்தில் நமக்கு எதற்கு இந்த வேலை?" என்று டம்பலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். இரண்டுமே நமக்கு நல்லதல்ல. வலி எந்த வழியாக இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். பாரத்தைக் குறைக்க வேண்டும். பயிற்சியை விடாமல் தொடர வேண்டும். சில அபாய அடையாளங்கள் தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைத்தான் இனி விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

வயதான பிறகு எதற்குப் பாரம்?

முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே நம் தசை மெல்ல மெல்லக் குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அது இன்னும் வேகமாகக் குறைகிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, பேருந்துப் படி ஏற முடியவில்லை, குளியலறையில் தடுக்கினால் சுவரைப் பிடித்து நிற்க முடியவில்லை என்றால், அதற்கு வயது மட்டும் காரணமில்லை. தசை கரைந்ததும் காரணம். நடைப்பயிற்சி இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் கைக்கும் தோளுக்கும் அது பலம் தராது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீரிழிவு, அதாவது நாம் இனிப்பு நீர் என்று சொல்லும் நோய், இந்த நாட்டில் இந்தியர்களிடையே அதிகம். 2019-இல் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய 3 பேரில் ஒருவராக இருந்தது. நாம் சாப்பிடும் சர்க்கரையைப் பெருமளவு பயன்படுத்துவது தசைதான். தசை வலுவாக இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் எளிதாகும்.

தோட்டத்துத் தோள்

நம் பேராக்கின் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அதன் பின் வந்த தோட்டங்களில்தான் உங்களில் பலரும் உங்கள் பெற்றோரும் உழைத்தீர்கள். சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று எத்தனையோ தோட்டங்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயத்தை விட்டுப் பல குடும்பங்கள் புந்தோங்குக்கும் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் வந்து சேர்ந்தன.

பால்மரம் சீவும் வேலையை நினைத்துப் பாருங்கள். தாழ்ந்த வெட்டுக்குக் குனிய வேண்டும், உயர்ந்த வெட்டுக்குக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். மரத்துக்கு மரம் மணிக்கட்டை ஒரே மாதிரி திருப்ப வேண்டும். பிறகு மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, வாளிகளைக் கம்பின் இரு முனையிலும் மாட்டி, பழகிய ஒரே தோளில் சுமக்க வேண்டும். கழுத்து, தோள், மணிக்கட்டு மூன்றுக்கும் ஓய்வில்லாத வேலை அது.

அந்த உழைப்பை நிறுத்தி இருபது முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பாரம் தூக்கிய நினைவு மனதில் அப்படியே இருக்கிறது. அன்றைய தசை இன்று இல்லை. இதனால் வரும் சிக்கலைக் கவனியுங்கள். பயிற்சி தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் தசைக்குத் தெம்பு வந்துவிடும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநார் பலம் பெறச் சில மாதங்கள் ஆகும். "தெம்பு வந்துவிட்டதே" என்று 2 கிலோவிலிருந்து ஒரேயடியாக 5 கிலோவுக்குத் தாவினால், தசை தூக்கிவிடும், தசைநாரும் கழுத்து நரம்பும் முரண்டு பிடிக்கும். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு வலி வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தாவலுக்குப் பிறகுதான்.

இன்னொன்று. எக்ஸ்ரே எடுத்து "கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். அறுபது வயதைக் கடந்தவர்களில் மிகப் பலருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும்கூட, படத்தில் தேய்மானம் தெரியும். தலைமுடி நரைப்பது போன்றதுதான் அது. தேய்மானம் இருக்கிறது என்பதற்காக இனி எதையும் தூக்கக் கூடாது என்று பொருளில்லை.

வலி எந்த வழியாக இறங்குகிறது?

கைக்கு வரும் நரம்புகள் கழுத்து எலும்புகளின் பக்கவாட்டிலிருந்து புறப்படுகின்றன. காறை எலும்புக்கு அடியில் நுழைந்து, அக்குள் வழியாக முழங்கைக்கும், அங்கிருந்து மணிக்கட்டு வழியாக விரல்களுக்கும் போகின்றன. வீதியில் மின்கம்பி எங்கோ உரசினால் நம் வீட்டு விளக்கு மினுக்குகிறது அல்லவா? அதுபோல, நரம்பு நெருக்கப்படும் இடம் கழுத்தாக இருக்கலாம், வலி தெரியும் இடம் விரலாக இருக்கலாம். ஆகவே வலிக்கிற இடத்தில் தைலம் தேய்ப்பதற்கு முன், அது வந்த பாதையைப் பாருங்கள்.

முதல் வகை, கழுத்திலிருந்து வருவது. கழுத்திலோ தோள்பட்டைக்குப் பின்னாலோ தொடங்கி, முழங்கையையும் தாண்டி, குறிப்பிட்ட சில விரல்கள் வரை கோடு போட்ட மாதிரி இறங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் போகலாம், நடுவிரலுக்குப் போகலாம், சுண்டு விரல் பக்கமும் போகலாம். மேலே அண்ணாந்து பார்த்தால், அல்லது வலிக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்தால் அதிகமாகும். வலிக்கும் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தால் சிலருக்கு உடனே சுகம் தெரியும். அப்படித் தெரிந்தால் கழுத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும், பெரும்பாலோருக்கு இது அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், தணிந்துவிடும்.

இரண்டாவது வகை, தோளின் தசைநாரிலிருந்து வருவது. வலி மேற்கையின் வெளிப்பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே இறங்காது. விரல் மரத்துப் போகாது. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் சுருக்கென்று பிடிக்கும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. நரம்பு வலி என்று நினைத்து வருபவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது இதுதான்.

மூன்றாவது வகை, தோள் இறுகிப் போவது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். வலியோடு தோளே பூட்டிக்கொள்ளும். தலை சீவ முடியாது, முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாது. நாமாகத் தூக்கினாலும் வராது, இன்னொருவர் தூக்கிவிட்டாலும் வராது. இது சரியாக ஓராண்டு, ஈராண்டுகூட ஆகலாம். இதைப் பாரம் தூக்கி உடைக்கப் பார்க்கக் கூடாது.

நான்காவது வகை, மணிக்கட்டிலும் முழங்கையிலும் நரம்பு நெருங்குவது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப் போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால், நெருக்கம் மணிக்கட்டில் இருக்கலாம். டம்பலை மணிக்கட்டு பின்னால் மடங்கும்படி இறுக்கிப் பிடித்தால் இது அதிகமாகும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போனால், முழங்கையை வெகுநேரம் மடக்கித் தொலைபேசி பேசுவதும், மேசையில் முழங்கையை ஊன்றி உட்காருவதும் காரணமாக இருக்கலாம்.

இரண்டு கைகளும் இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி எரிந்தால், மரத்துப் போனால், அது எடைப் பயிற்சியால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. நீரிழிவு நரம்பைப் பாதித்திருக்கலாம். பல ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் எரிச்சலான வலி வந்து, சில நாட்களில் அதே இடத்தில் கொப்புளம் தோன்றினால் அது அக்கி. கொப்புளம் தெரிந்த 3 நாளுக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

இந்தப் பகுதியை வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கை, தோள் அல்லது தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். நீங்களே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.

பாரம் தூக்கும்போதோ மாடி ஏறும்போதோ கையும் தோளும் கனத்து வலித்து, நின்று ஓய்வெடுத்தால் அடங்குகிறது என்றால், அதுவும் இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

திடீரென ஒரு பக்கக் கையும் காலும் பலமிழந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் பக்கவாதம். இதற்கும் 999.

சட்டைப் பித்தான் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவை கழுத்துக்குள் தண்டுவடமே நெருக்கப்படுவதைக் காட்டலாம். வலி குறைவாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அதேபோல, கையில் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், காய்ச்சல் அல்லது காரணமில்லாத உடல் மெலிவு இருந்தால், கீழே விழுந்த பிறகு வலி தொடங்கியிருந்தால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி வந்த வாரம் என்ன செய்வது?

அபாய அடையாளம் எதுவும் இல்லை என்றால், வலியைத் தூண்டும் பயிற்சியை மட்டும் சில நாட்களுக்கு நிறுத்துங்கள். நடப்பதையும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம். கையைத் தூளி கட்டித் தொங்கவிடாதீர்கள். அசையாத தோள் இறுகிவிடும். படுக்கும்போது கழுத்து நேராக இருக்கும் உயரத்தில் ஒரு தலையணை போதும். ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும் கைக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்து அணைத்துக்கொள்ளுங்கள்.

வலி நல்ல பக்கம் போகிறதா, கெட்ட பக்கம் போகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. விரல் வரை இருந்த வலி முழங்கைக்கு ஏறி, பிறகு தோளுக்கு ஏறி, கடைசியில் கழுத்தில் மட்டும் நின்றால் நல்லது. கழுத்தில் சற்று அதிகமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கழுத்தில் இருந்தது முழங்கைக்கும் விரலுக்கும் இறங்கினால், செய்கிற ஏதோ ஒன்று நரம்புக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிடுங்கள்.

கழுத்தை நெட்டி முறிப்பது, "சுளுக்கு எடுக்கிறேன்" என்று மற்றவர் வேகமாகத் திருப்புவது வேண்டவே வேண்டாம். அரிதாக என்றாலும், கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். தோளை இதமாக நீவிவிடுவதில், சூடான துண்டு வைப்பதில் தவறில்லை. நீரிழிவு உள்ளவர்கள் சூட்டை முதலில் உணர்ச்சி நன்றாக உள்ள தோலில் வைத்துப் பாருங்கள்.

மாத்திரையிலும் கவனம் தேவை. டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கலாம், இரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று சாப்பிட வேண்டாம். முத்திரை இல்லாத மூட்டுவலி உருண்டை, ஜாமு வகைகள் இன்னும் ஆபத்து. அப்படிப்பட்ட சிலவற்றில் டெக்சமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முதல் நாளே வலி பறந்துவிடும். பிறகு சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு பலவீனமாகும். எதை வாங்கினாலும் 'எம் ஏ எல்' எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பல வாரங்களாகச் சாப்பிட்டு வருபவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

திரும்பத் தொடங்கும் முறை

வலி தணியத் தொடங்கியதும் பாரமே இல்லாமல் தொடங்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை மெல்ல உள்ளே இழுத்து 5 விநாடி வையுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து 5 விநாடி வையுங்கள். ஒவ்வொன்றும் 10 முறை. பிறகு சுவரில் கை ஊன்றி மெல்லத் தள்ளும் பயிற்சி.

அடுத்தது, ரப்பர் பட்டை. நீங்கள் சீவிய பாலைப் போன்ற பாலிலிருந்து வரும் பொருள்தான் அது. கதவுப் பிடியில் உறுதியாக மாட்டி, இடுப்பு உயரத்தில் முழங்கையைப் பின்னால் இழுங்கள். இது தோள்பட்டையின் பின்தசைக்குப் பலம் தந்து தோளைத் தாங்கும்.

அதற்குப் பிறகுதான் எடை. அரை லிட்டர் தண்ணீர் போத்தல் ஏறக்குறைய அரை கிலோ. ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றரை கிலோ. டம்பல் வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. 10 முதல் 15 முறை, வாரத்தில் 2 நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. 15 முறை சுலபமாக வந்து, மறுநாளும் வலி இல்லை என்று இரண்டு வாரம் பார்த்த பிறகு அரை கிலோ கூட்டுங்கள். அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.

தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். காதை நோக்கித் தோளைத் தூக்காதீர்கள். முதல் சில மாதங்கள் எடையைத் தோளுக்கு மேலே கொண்டுபோக வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் கம்பியை இறக்கும் பயிற்சியை ஜிம்மில் இளைஞர்கள் செய்வதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஊர்த் திருவிழாவில் இளவட்டக்கல்லைத் தூக்குவது இளைஞர்கள் பலத்தைக் காட்டுவதற்கு. நாம் தூக்குவது பேரப்பிள்ளையை இடுப்பில் வைப்பதற்கும், அரிசி மூட்டையை உள்ளே எடுத்து வைப்பதற்கும். பத்துக்கு மூன்று என்ற அளவுக்கு இலேசான தசை வலி இருந்து, மறுநாள் அடங்கினால் அது சாதாரணம். மின்சாரம் பாய்வது போன்ற வலி எந்த அளவில் வந்தாலும் அந்தப் பயிற்சியை அன்றைக்கு நிறுத்துங்கள்.

இதய நோய், கட்டுக்கு வராத இரத்த அழுத்தம், நீரிழிவால் கண் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே எடைப் பயிற்சி தொடங்க வேண்டும்.

கிளினிக்கில் என்ன சொல்ல வேண்டும்?

இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை, விரல் மரத்துப் போவது நீடிக்கிறது, இரவில் தூக்கம் கெடுகிறது என்றால், உங்கள் வட்டார அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். மைசெஜாத்தெரா செயலியில் பிள்ளைகள் முன்பதிவு செய்து தரலாம். இல்லையென்றால் நேரில் போய்ப் பதிந்துகொள்ளலாம். தேவைப்பட்டால் மருத்துவர் உங்களைப் பிசியோதெரபிக்கோ, பெரிய மருத்துவமனைக்கோ அனுப்புவார்.

"கை வலிக்கிறது, டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. வலி எங்கே தொடங்குகிறது, எந்த விரல் வரை போகிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, எந்த நாளில் எவ்வளவு எடை தூக்கினீர்கள், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் தொங்கும் நாள்காட்டியிலேயே இதைக் குறித்து வைக்கலாம். அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுவந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பெரியோர்களே, இத்தனை ஆண்டு மற்றவர்களுக்காகப் பாரம் சுமந்தீர்கள். இனி சுமப்பது உங்களுக்காக. அது அரை கிலோவாக இருந்தாலும் போதும், வாரந்தோறும் தொடர்ந்தால் போதும்.